பொய் நித்திரை

கேள்வி: மட்டக்களப்பு நகரில் வேலை, வீடு ஆரையம்பதியில். நான் தனிமை விரும்பி. நாள் முழுக்க ஆட்களோடு கதைத்துக் களைத்து வந்தால், பின்வீட்டிலிருந்து அம்மா தேத்தண்ணியோடு வருவார். பிறகு மாமி, மச்சாள்மார். கதவைச் சாத்திப் படுத்துவிடுவேன். ஆறு வயது மகள் “அம்மா நித்திரை” என்று சொல்லி அனுப்பிவிடுவாள். என் எல்லையை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் மனிதர்களைத் தனக்குள் ஒதுங்கும் அகமுகம், ஆட்களை நாடும் புறமுகம் என்று பிரித்து எழுதுவதற்கு முன்பே உங்களைப் போன்றவர்கள் ஊரில் இருந்தார்கள். “அவள் கதைக்கமாட்டாள், விடுங்கோ” என்று ஊரும் விட்டது. உங்கள் இயல்பில் எனக்கு வழக்கில்லை.

போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த ஆறு வயதுப் பிள்ளை, அதுதான் உறுத்துகிறது. வாசலில் நின்று அம்மம்மாவிடம் பொய் சொல்ல அவளைப் பழக்கியது யார்? உங்களைப் பெற்றவருக்கு உங்கள் பொய் நித்திரை தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? தெரிந்துகொண்டுதான் தேத்தண்ணியைத் திருப்பிக் கொண்டுபோகிறார். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். நீங்கள் சாத்துகிற கதவும் அநேகமாக அவர் சீதனமாகத் தந்துவிட்டுப் பின்னால் ஒதுங்கிய வீட்டின் கதவுதான்.

சரி, அதிலாவது ஓய்வு கிடைத்ததா? கண்ணை மூடிக்கொண்டு, மச்சாளின் செருப்புச் சத்தம் படலையைத் தாண்டிவிட்டதா என்று காது கொடுத்துக் கிடக்கிறீர்கள். எழும்பும்போது தலை இடிக்காமல் என்ன செய்யும்?

பிள்ளையை அந்த வேலையிலிருந்து எடுங்கள். சொல்லச் சொன்னது அம்மாவின் பிழை என்று அவளிடமே சொல்லுங்கள். அப்புறம் நீங்களே எழும்பிப் போய், “அம்மா, அரை மணித்தியாலம் ஒருத்தரோடும் கதைக்க ஏலாது, பிறகு வாறன்” என்று சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். ஆனால் வாறன் என்றால் போகவேண்டும்.

வீட்டில் அந்த அரை மணித்தியாலம் கிடைக்காத நாளில், வரும் வழியில் கல்லடியில் இறங்கி வாவியைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு, 1924இன் பழைய பாலத்துப் பக்கம் இரைச்சலும் குறைவு. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு வீடு நிறைய ஆட்கள் வந்தால், துருவலையில் போய் உட்காருங்கள். தேங்காய் துருவுகிறவளிடம் யாரும் கதை கேட்கமாட்டார்கள். மாமியையும் மச்சாள்மாரையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அம்மாவைத் தள்ள எனக்குச் சம்மதமில்லை.

இன்று பின்வீட்டுக்கு நீங்களே போய் அந்தத் தேத்தண்ணியை வாங்குங்கள். கதை வராவிட்டால் கதைக்காமலே குடியுங்கள்.