10 காட்ட வேண்டிய மீட்டர் 5.4 காட்டினால்: டிரையர் கேள்விகள்

கேள்வி: சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளை ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். படுக்கை விரிப்பு, டவல் எல்லாம் தினமும் துவைத்தாக வேண்டும் என்பதால், மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு, இரண்டரை வருஷத்துக்கு முன்பு ஒரு 7 கிலோ டிரையர் வாங்கி வைத்தோம். சித்திரையில் ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று 'டி.இ' என்று காட்டியது. சில நாள் ஒழுங்காக ஓடுகிறது, சில நாள் போட்ட அரை நிமிஷத்திலேயே நிற்கிறது. மெக்கானிக் மத்தியானம் வந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "10 காட்டணும், 5.4தான் காட்டுது, சென்சார் போச்சு" என்று 850 ரூபாய் வாங்கிக்கொண்டு புதுசு மாட்டினார். நான்கு நாள் ஓடியது, மறுபடி அதே கதை. இப்போது போர்டு போய்விட்டது, 11,800 ஆகும் என்கிறார். வாரண்டி முடிந்துவிட்டது. பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். போர்டு மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வைத்தீர்களே, அது பெரிய காரியம். பாதி வழக்கு அதிலேயே இருக்கிறது.

உங்கள் மிஷினில் 'டி.இ' என்றால் வெப்பநிலை சென்சாரிலிருந்து சரியான தகவல் வரவில்லை என்று அர்த்தம். அந்தச் சென்சாரின் பெயர் தெர்மிஸ்டர். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். போர்டு, அதாவது மிஷினை இயக்கும் மின்னணு அட்டை, அந்தத் தடையைப் பார்த்துத்தான் உள்ளே எவ்வளவு சூடு என்று கணக்குப் போடுகிறது. பல டிரையர்களில் இந்தத் தடை 10 கிலோ ஓம் (ஓம் என்பது மின்தடையின் அலகு). ஆனால் அந்த 10 என்பது 25 டிகிரியில் மட்டும்தான். 30 டிகிரியில் சுமார் 8, 40 டிகிரியில் ஐந்தேகால், 50 டிகிரியில் மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே.

சித்திரை மாத மத்தியானம், வேலூர், தகரக் கொட்டகை. அந்த நேரத்தில் அங்கே 25 டிகிரி எங்கிருந்து வரும்? 40 இருந்திருக்கும். அந்தச் சூட்டில் நல்ல சென்சார் காட்ட வேண்டிய அளவைத்தான் உங்கள் பழைய சென்சார் காட்டியிருக்கிறது. புதுசை மாட்டுவதற்கு முன் அதையும் அங்கேயே அளந்திருந்தால், அதுவும் ஐந்து சொச்சம்தான் காட்டியிருக்கும். மெக்கானிக் 10 என்ற எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறார், பக்கத்தில் இருக்கும் 25ஐ விட்டுவிட்டார்.

இதை நீங்களே சோதித்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு புதுச் சென்சாரைக் கழற்றச் சொல்லுங்கள். பழசையும் புதுசையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, நனையாமல், ஒரு சொம்பு ஐஸ் தண்ணீரில் பத்து நிமிஷம் வையுங்கள். இரண்டும் 30 கிலோ ஓமைத் தாண்டி, ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டினால் பழசில் கோளாறே இல்லை. சென்சாரைக் கைக்குள் பொத்திச் சூடாக்கிப் பார் என்று சொல்வார்கள். குளிர்காலத்துக்கு அது சரி. 40 டிகிரி கொட்டகையில் உங்கள் கை சென்சாரைக் குளிரத்தான் வைக்கும்! மீட்டர் 400, 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்க மனமில்லை என்றால் தெருவில் டி.வி. ரிப்பேர் செய்பவரிடம் இரண்டையும் எடுத்துப் போனால் ஐந்து நிமிஷ வேலை.

அப்படியானால் கோளாறு எங்கே? சில நாள் ஓடுகிறது, சில நாள் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புதுசு மாட்டியதும் நான்கு நாள் ஓடியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் ஒயர் மேலும் கனெக்டர் மேலும்தான். மொட்டை மாடியில் மழைச் சாரல், தூசி எல்லாம் பட்டு கனெக்டர் பின்னில் களிம்பு ஏறியிருக்கும். கழற்றி மாட்டும்போது அந்தக் களிம்பு கொஞ்சம் உரசிப் போகும், நாலு நாள் நன்றாக இருக்கும், டிரம் சுற்றும் அதிர்வில் மறுபடி தொடர்பு விடும். எலி கடித்த ஒயரும் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும். பார்ப்பதும் சுலபம். போர்டில் சொருகும் முனையைக் கழற்றி, அங்கே மீட்டரை வைத்துக்கொண்டு ஒயரை மெதுவாக ஆட்ட வேண்டும். அளவு அசையாமல் நின்றால் ஒயர் நல்லது. துள்ளினால் போர்டுக்கு 11,800 கேட்பவருக்கு அதுதான் பதில். ஒயரும் சென்சாரும் இரண்டும் சரியாக இருந்து, அப்புறமும் 'டி.இ' வந்தால் மட்டுமே போர்டைப் பற்றிப் பேசலாம்.

பஞ்சு வடிகட்டியையும் பின்பக்கக் காற்றுக் குழாயையும் ஒருமுறை பாருங்கள். டவல் அதிகம் போடுகிற வீடு, பஞ்சு அடைத்திருக்கும். ஆனால் அடைப்பினால் வரும் கோளாறு மிஷின் சூடான பிறகுதான் தலைகாட்டும். அரை நிமிஷத்தில் நிற்பதற்கு அது காரணம் ஆகாது.

கொட்டகை விஷயம். பல டிரையர்களின் கையேட்டில் 5 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் வைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், தகரத்தடியில் வேலூரின் நான்கு மாதம் போய்விடும். மாடிப்படிக்கு அடியிலோ அறைக்குள்ளோ இடம் இருந்தால் மாற்றுங்கள். (அந்த நான்கு மாதமும் விரிப்பைக் கொடியில் போட்டால் அரை மணியில் அப்பளம் மாதிரிக் காய்ந்துவிடுகிறது. அப்போது டிரையரைப் போடுவானேன் என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. தூசிக்குப் பயந்து என்று நீங்கள் சொல்லலாம். சரி.)

இனி அந்த 850 ரூபாய். இரண்டு சென்சாரும் ஒரே அளவு காட்டினால், தவறாகக் கணித்து நல்ல பாகத்தை மாற்றியிருக்கிறார்கள், அது சேவைக் குறைபாடு. ரசீது, ஜாப் ஷீட், இரண்டு அளவுகளின் போட்டோ ஆகியவற்றோடு சர்வீஸ் சென்டருக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போவதென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம்.

அறை வாடகைக்கு விடுகிறீர்கள், ஆகவே வணிகப் பயன்பாடு, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கொள்ளக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. வீட்டார் மூன்று அறையைப் பார்த்துக்கொள்வது அதற்குள் வரும் என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் வீட்டு உபயோக டிரையர்களின் வாரண்டி அட்டையில் வணிகப் பயன்பாட்டுக்குச் செல்லாது என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அடுத்த மிஷின் வாங்கும்போது அந்த வரியைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம். டிரையர் 'முடிந்தது' என்று நின்றுவிடுகிறது, துணி ஈரமாகவே இருக்கிறது. இதுவும் வெப்பநிலை சென்சாரா?

பதில்: அநேகமாக இல்லை. டிரம் வாயருகே இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும், ஈரம் பார்க்கும் சென்சார் அதுதான். போர் தண்ணீரின் உப்பும் துணி மென்மையாக்கும் திரவமும் சேர்ந்து அதன்மேல் வெள்ளையாகப் படிந்தால் கணக்குத் தப்பும். வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, அப்புறம் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். ஒரே ஒரு சட்டையைப் போட்டாலும் இப்படி ஆகும், துணி பட்டையில் படாமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ராணிப்பேட்டை. தெர்மல் ஃபியூஸ் போய்விட்டது, பாகம் வர பத்து நாள் ஆகும், அதுவரை ஒயரை நேராக ஜாயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

பதில்: கூடாது. உள்ளே பஞ்சு, பக்கத்தில் இரண்டாயிரம் வாட் அளவுக்குச் சூடேறும் ஹீட்டர். எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கக் கடைசியாக இருப்பது அந்த ஃபியூஸ் ஒன்றுதான். அது தானாகப் போகாது, பெரும்பாலும் காற்றுவழி அடைத்துத்தான் போகிறது. பத்து நாள் கொடியில் காயப்போடுங்கள். பாகம் வந்ததும் குழாயைச் சுத்தம் செய்த பிறகே மாட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதுசும் போகும்.