வாரண்ட் இல்லாமல் இரவில் வந்த போலீஸ்: உங்கள் கேள்விக்கு

இரவு பத்தரை மணிக்கு இரண்டு காவலர்கள் வந்து தம்பியைக் கேட்டார்கள், தாள் எதுவும் காட்டாமல் பீரோவைத் திறந்து பார்த்தார்கள், அம்மாவை நாளை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள் என்கிறீர்கள்.

முதலில் அம்மாவை அனுப்பாதீர்கள். பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு வீட்டைவிட்டு வெளியே வரச் சொல்ல முடியாது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 179. இதையே பணிவாகச் சொல்லுங்கள்.

பீரோ விஷயம் கொஞ்சம் சிக்கல். வாரண்ட் இல்லாமல் சோதனையே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 185-இன்படி விசாரணை அதிகாரி காரணத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். விண்ணப்பித்தால் உங்களுக்கும் இலவசமாக நகல் உண்டு. அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சியாக இருக்க வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும். இவற்றில் எது நடந்தது?

கைது செய்யவேண்டிய ஆள் உள்ளே இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது வழியை மறிக்காதீர்கள். ஆட்சேபத்தை வாயால் சொன்னால் போதும்.

கையெழுத்துக் கேட்டாலும் கவனம். எங்கள் வீட்டில் ஒருமுறை பாதி வெறுமையாக இருந்த தாளில் அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் மீதி இடத்தில் பேனாவால் குறுக்குக்கோடு போட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

வந்தவர்களின் பெயர்ப்பட்டை, நேரம், வண்டி எண் ஆகியவற்றை நினைவிருக்கும்போதே எழுதிவைத்து, நாளையே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.