தக்காளியின் அடி கறுப்பது பூச்சியால் அன்று

கேள்வி: எங்கள் மொட்டைமாடியில் 12 பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். செடிகள் செழிப்பாக இருக்கின்றன. ஆனால் காய் பாதி பருத்ததும் அதன் அடிப்பகுதி கறுத்து, தோலைப்போல் அமுங்கிவிடுகிறது. பூச்சிமருந்தை இரண்டு முறை தெளித்தும், முட்டை ஓட்டுத் தூள் இட்டும் பயனில்லை. என்ன செய்வது?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: இதற்குப் பூச்சியும் காரணமன்று, பூஞ்சையும் காரணமன்று, ஆகவே எந்த மருந்தும் இதைத் தீர்க்காது. காய் பருக்கும் நாள்களில் அதன் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போதிய அளவு போய்ச் சேராததால் வரும் குறை இது. மண்ணில் அந்தச் சத்து இல்லை என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். வேர் உறிஞ்சும் நீரோடு கலந்துதான் அது செடிக்குள் ஏறுகிறது. அந்த நீரில் பெரும்பகுதியை வெயிலில் ஆவியாக்கும் இலைகளே இழுத்துக்கொள்வதால், காய்க்குக் குறைவாகவே கிடைக்கிறது. ஒரு நாள் பையிலுள்ள மண் காய்ந்து வெடித்தும், மறுநாள் நீர் தேங்கியும் கிடந்தால், அந்தக் குறைவான பங்கும் தடைப்பட்டுவிடும்.

எனவே முதலில் திருத்த வேண்டியது நீர் விடும் முறையைத்தான். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் குறையத் தொடங்கும்போதே நீர் விடுங்கள். கோடையில் ஒரே முறை நிறைய விடுவதைவிடக் காலையும் மாலையும் பிரித்து விடுவது நல்லது. மண்ணின் மேல் காய்ந்த இலைச்சருகை இரண்டு அங்குல உயரத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். பைகளைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல்மேல் வைத்தால், தளத்தின் சூடு வேருக்கு ஏறாது. அதிக நீரும் வடிந்துவிடும்.

மண்கலவையில் தென்னை நார்க்கழிவு இருந்தால், அதைக் கழுவிச் சேர்த்தீர்களா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். கழுவாத நார்க்கழிவில் தங்கியிருக்கும் உப்பு, சுண்ணாம்புச் சத்தை வேர் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். அடுத்த முறை, நீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை அலசிய பிறகு சேருங்கள். தழைச்சத்து மிகுந்த உரத்தைத் தொடர்ந்து இடுவதாலும் இலை மட்டும் பெருகி இக்குறை கூடும். செடி செழித்தும் காய் கெடுவது பலரைக் குழப்புவது இதனால்தான். முட்டை ஓட்டுத் தூள் தீங்கானதன்று. ஆனால் அது மட்கிக் கரைய மாதக்கணக்கில் ஆகும் என்பதால், இந்தப் பருவத்துக் காயை அது காப்பாற்றாது.

கறுத்த காய்கள் மீளா. அவற்றைப் பறித்துவிட்டால் செடியின் வலு புதுக் காய்களுக்குப் போகும். இன்னொன்றையும் அக்கறையோடு சொல்லிக்கொள்கிறேன்: நீங்கள் தெளித்த மருந்தின் உறையில் குறிப்பிட்டுள்ள காத்திருப்பு நாள்கள் முடியும்வரை நல்ல காய்களையும் சமையலுக்குப் பறிக்காதீர்கள்.

கேள்வி: மிளகாய்ச் செடியின் இலைகள் சுருண்டுகொள்கின்றன. செடியைப் பிடுங்கிவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: அவசரப்பட வேண்டாம், இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிப் படகுபோல் ஆனால் இலைப்பேனாகவும், கீழ்நோக்கி மடங்கிக் காம்பு நீண்டிருந்தால் சிலந்திப் பேனாகவும் இருக்கக்கூடும். வெள்ளைத் தாளின்மேல் நுனிக் கொழுந்தைத் தட்டினால் இலைப்பேன்கள் விழுந்து ஊர்வது தெரியும். சிலந்திப் பேனைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். இரண்டும் கொழுந்திலும் இலையின் அடியிலும் ஒளிவதால், மேலே மட்டும் தெளிப்பது வீண். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலில் கலக்கி, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பகுதி நனையும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். பழைய சுருள் விரியாது; புதிய தளிர் நேராக வந்தால் செடி தேறுகிறது என்று கொள்ளலாம். வெள்ளை ஈக்கள் மொய்த்து, தளிரும் சிறுத்து, செடி குட்டையாகவே நின்றுவிட்டால், அது நச்சுயிரி (வைரஸ்) நோயாக இருக்கலாம். அப்போது பிடுங்குவதே மற்றச் செடிகளுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: சுரைக்கொடியில் பூக்கள் நிறைய, பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்கின்றன.
– வாசகி, திருச்சி

பதில்: மகரந்தம் சேரவில்லை. சுரைப்பூ மாலையில் மலர்வதால், பகலில் வரும் தேனீக்களால் அதற்குப் பெரும்பயன் இல்லை. உயரமான மாடிக்கு இரவுப் பூச்சிகளும் குறைவாகவே வரும். மாலையில் மலர்ந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து இதழ்களை நீக்கி, அடியில் பிஞ்சுள்ள பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். நான்கைந்து நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்காவிட்டால், அடுத்த பூவில் முயலுங்கள்.