வாலில் மூன்று கார்பன் கூடினால் அடுக்கு எப்படி வருகிறது?

கேள்வி: முதுநிலை வேதியியல் படிக்கிறேன். 5சிபி என்ற திரவப் படிகத்தில் (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஓரளவு ஒழுங்காக நிற்கும் பொருள்; பெயரிலுள்ள எண் வாலின் கார்பன் எண்ணிக்கை) நெமாட்டிக் நிலை, அதாவது மூலக்கூறுகள் ஒரே திசையில் மட்டும் நிற்கும் நிலை, மட்டும்தான் வருகிறது. 8சிபியைச் சூடாக்கினால் அதற்கு முன்பே ஸ்மெக்டிக் நிலையும், அதாவது மூலக்கூறுகள் அடுக்கடுக்காக நிற்கும் நிலையும், தெரிகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் வாலில் மூன்று கார்பன்தான். கட்டமைப்புப் படத்தைப் பார்த்தே எந்த நிலை வரும் என்று சொல்ல முடியுமா?

பதில்: எந்த வகை வரக்கூடும் என்று ஓரளவு ஊகிக்கலாம். எந்த வெப்பநிலையில் என்று கேட்டால், படம் கைகொடுக்காது.

முதலில் நடுப்பகுதியைப் பாருங்கள். இரண்டிலும் அதே பைபீனைல்தான்: நேர்கோட்டில் இரண்டு பென்சீன் வளையங்கள், ஒரு முனையில் சயனோ (கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த தொகுதி). வளைந்துகொடுக்காத கோல். நெருக்கமாக இருக்கும் கோல்கள் ஒரே திசையில் நின்றால்தான் நகர இடம் கிடைக்கும். திசை ஒழுங்கு உண்டு, இட ஒழுங்கு கிடையாது, இதுதான் நெமாட்டிக். ஈர்ப்பு விசை இல்லாமல் வடிவம் மட்டுமே இதற்குப் போதும் என்று 1949இல் லார்ஸ் ஆன்சாகர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

அப்புறம் வால். ஆல்கைல் சங்கிலி நெளியக்கூடியது, வளையங்களோடு அவ்வளவாக ஒட்டாது. அது நீள நீள, வால்கள் ஒரு பக்கமும் வளையங்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து சேரும். அந்தப் பிரிவுதான் அடுக்காகிறது. அதனால்தான் 8சிபி சுமார் 21.5 டிகிரி செல்சியஸில் உருகி ஸ்மெக்டிக் ஏ (அடுக்குக்குச் செங்குத்தாகக் கோல்கள் நிற்கும் வகை) ஆகிறது, 33.5இல் நெமாட்டிக் ஆகிறது, 40.5இல் தெளிந்த திரவமாகிறது.

இதில் படம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. 8சிபியின் ஓர் அடுக்கு, ஒரு மூலக்கூறின் நீளத்தைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. சயனோ முனையின் இருமுனைத் திருப்புத்திறன் (நேர், எதிர் மின்னூட்டங்கள் பிரிந்து நிற்கும் அளவு) வலுவானது. அதனால் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக எதிரெதிர்த் திசையில், வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி ஜோடி சேர்கின்றன. ஆகவே தனி மூலக்கூறை மட்டும் வைத்து அடுக்கைக் கணிக்கப் போனால் ஏமாறுவீர்கள்.

வெப்பநிலைக்கும் இதே கதைதான். 5சிபி தெளிவது, அதாவது நெமாட்டிக் கலைந்து சாதாரணத் திரவமாவது, சுமார் 35 டிகிரியில். ஒரு கார்பன் கூட்டி 6சிபி ஆக்கினால் அது 29க்கு இறங்கும். 7சிபியில் 43 வரை ஏறும். ஒற்றைப்படைச் சங்கிலியின் கடைசிப் பிணைப்பு கோலின் திசையோடு ஒத்துப்போகிறது, இரட்டைப்படையில் விலகி நிற்கிறது.

கோல் அல்லாத வடிவங்களும் உண்டு. தட்டையான வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண்களாக அடுக்கிக்கொள்ளும். பெங்களூரு ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் சந்திரசேகர் குழு 1977இல் இதைக் காட்டியது. கோலில் கைரல் மையம் (கண்ணாடி பிம்பத்தோடு பொருந்தாத அமைப்பைத் தரும் அணு) இருந்தால் நெமாட்டிக் முறுக்கிக்கொண்டு, கொலஸ்டெரிக் எனும் திருகு நிலை ஆகும். பக்கவாட்டில் ஒரு மெத்தில் துருத்தினால் கோல்கள் நெருங்க முடியாமல் தெளியும் வெப்பநிலை பொதுவாக இறங்கும், அடுக்கும் குலையலாம்.

வடிவம்தான் காரணமா என்று நேரில் பார்க்க அசோபென்சீன் வகைத் திரவப் படிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலக்கூறுக்கு டிரான்ஸ், சிஸ் என்று இரண்டு வடிவங்கள். டிரான்ஸ் வடிவம் கோல். புற ஊதா ஒளி பட்டால் சிஸ் ஆகி வளைந்துவிடும். வெப்பநிலை மாறாமலேயே நெமாட்டிக் கலைந்து சாதாரணத் திரவமாகலாம்.

ஆய்வகத்துக்கு ஒரு குறிப்பு. முனைவாக்க நுண்ணோக்கியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியால் பார்க்கும் நுண்ணோக்கி) சூடாக்கும்போது மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். சில நிலைகள் குளிரும்போது மட்டுமே தலைகாட்டும். 8சிபியைத் தெளிந்த திரவத்திலிருந்து மெதுவாகக் குளிரவிடுங்கள். நெமாட்டிக்கில் காட்சி சதா மினுமினுத்துக்கொண்டே இருக்கும், 33.5ஐத் தாண்டியதும் அது அடங்கி, விசிறி போன்ற கோலங்கள் தெரிந்தால் அடுக்கு வந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளலாம்.