வேலையோடு வரும் காப்பீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகனுக்கு அவனுடைய நிறுவனமே மருத்துவக் காப்பீடு கொடுத்திருக்கிறது. ஆனாலும் அண்மையில் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல் தன் கையிலிருந்து கட்டியிருக்கிறான். அப்படியானால் காப்பீடு எதற்கு?

பதில்: உங்கள் மகனை யாரும் ஏமாற்றியதாகத் தோன்றவில்லை, அங்குள்ள நடைமுறையே அதுதான். பெரும்பாலான அமெரிக்கக் காப்பீடுகளில் ‘டிடக்டிபிள்’ என்றொரு தொகை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் செலவு அந்தத் தொகையை எட்டும்வரை, தடுப்பூசி போன்ற சில சேவைகள் நீங்கலாக, பெரும்பாலும் காப்பீடு பெற்றவரே பணம் கட்ட வேண்டும். அதைத் தாண்டிய பிறகும் கட்டணத்தில் ஒரு பங்கு அவர் தலையில்தான் விழும். ஓர் ஆண்டில் இப்படிக் கட்டுவதற்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2024இல் அது தனிநபருக்கு 9,450 டாலர். அந்த வரம்பும் காப்பீட்டு நிறுவனத்தின் ‘நெட்வொர்க்’கில், அதாவது அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்டோர் பட்டியலில், உள்ள மருத்துவர்களிடமும் மருத்துவமனைகளிலும் ஆகும் செலவுக்கு மட்டுமே. மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படும் பிரீமியம் இந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: இவ்வளவு செல்வமுள்ள நாடு ஏன் தன் மக்கள் எல்லோருக்கும் காப்பீடு தர முடியாமல் திணறுகிறது? ஒபாமா கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகும் நிலைமை சீராகவில்லையே?

பதில்: அங்குள்ள ஏற்பாடு யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு உருவாக்கியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், விலைவாசியைக் கட்டுப்படுத்த அரசு சம்பள உயர்வுக்குத் தடை விதித்தது. ஆள் கிடைக்காமல் தவித்த நிறுவனங்கள், சம்பளத்தை உயர்த்த வழியின்றி, மருத்துவக் காப்பீட்டைக் காட்டித் தொழிலாளர்களை ஈர்த்தன. நிறுவனம் கட்டும் பிரீமியத்துக்குத் தொழிலாளி வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்ததும், போர்க்காலத்துத் தற்காலிக உத்தி நிலைபெற்றுவிட்டது. 2024இல் நிறுவனம் வழியாகக் கிடைக்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 25,572 டாலர். அதில் தொழிலாளியின் பங்கு 6,296 டாலர். மீதியை முதலாளி கட்டுவதாகத் தொழிலாளி நினைத்துக்கொள்கிறார். அதுவும் தமக்கு வந்திருக்க வேண்டிய சம்பளம்தான் என்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்திருந்தால் சீர்திருத்தம் இத்தனை கடினமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

1945இல் அதிபர் ட்ரூமன் தேசியக் காப்பீட்டை முன்மொழிந்தபோது அமெரிக்க மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 1965இல் அதிபர் ஜான்சன் முதியோருக்கு மெடிகேர் திட்டத்தையும் ஏழைகளுக்கு மெடிகெய்ட் திட்டத்தையும் கொண்டுவந்தார். (ட்ரூமனின் சொந்த ஊருக்கே சென்று, அவர் முன்னிலையில் கையெழுத்திட்டது ஜான்சனின் பெருந்தன்மை.) வேலை வழியாகக் காப்பீடு எட்டாதவர்களுக்குத்தான் இவை உருவாயின, வேலையோடு இணைந்த காப்பீட்டை யாரும் தொடவில்லை. அதைத் தொட முனைந்த அதிபர் கிளின்டனின் திட்டம், கையில் இருப்பதும் போய்விடுமோ என்ற மக்களின் அச்சத்தால் 1994இல் வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது.

அந்தப் பாடத்தைக் கற்ற ஒபாமா, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் கட்டடத்தை இடிக்காமல் ஓட்டைகளை மட்டும் அடைத்தார். ஏற்கெனவே நோய் உள்ளவரை மறுக்கக் கூடாது, பிள்ளைகள் 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம், தனியாக வாங்குவோருக்கு வருமானத்துக்கேற்ப மானியம் உண்டு என்பவை அவற்றுள் முக்கியமானவை. ‘உங்கள் காப்பீடு பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்’ என்று அவர் கொடுத்த வாக்குறுதி பொய்த்து, 2013இல் பலருடைய காப்பீடு ரத்தானபோது அவரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், 2017இல் அந்தச் சட்டத்தை நீக்க முயன்றவர்களையும் அதே அச்சம்தான் மறித்தது. இம்முறை இழக்க இருந்தவர்கள் ஒபாமா சட்டத்தால் பயன்பெற்றவர்கள். செனட்டில் 51க்கு 49 என்ற கணக்கில் முயற்சி தோற்றது.

காப்பீடு இல்லாதோர் 2010இல் நான்கரைக் கோடிக்கு மேல் இருந்தனர். 2023இல் சுமார் 2.6 கோடியாகக் குறைந்தனர். ஆனால் செலவு குறையவில்லை. 2023இல் மருத்துவத்துக்கு அந்நாடு செலவிட்டது 4.9 லட்சம் கோடி டாலர், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17.6 விழுக்காடு. அதைக் குறைப்பதென்றால் மருத்துவமனை, மருந்து நிறுவனம், காப்பீட்டு நிறுவனம் என யாரேனும் ஒருவரின் வருவாயைக் குறைத்தாக வேண்டும். அவர்கள் எவரும் வலிமையற்றவர்கள் அல்லர்.

கேள்வி: டெக்சாஸில் வசிக்கும், அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, குழந்தைகள் இல்லாத என் தங்கைக்கு ‘வருமானம் மிகக் குறைவு, எனவே காப்பீட்டு மானியம் இல்லை’ என்று சொல்லிவிட்டார்களாம். இது உண்மையாக இருக்குமா?

பதில்: உண்மைதான். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களை, குழந்தைகள் இல்லாதவர்கள் உட்பட, விரிவாக்கப்பட்ட மெடிகெய்ட் ஏற்கும் என்று கருதி, மானியத்தை அந்தக் கோட்டிலிருந்து தொடங்கும்படி ஒபாமாவின் சட்டம் எழுதப்பட்டது. மெடிகெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, டெக்சாஸ் அதை ஏற்கவில்லை. ஆகவே உங்கள் தங்கை இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டார். அவருடைய ஆண்டு வருமானம் வறுமைக்கோட்டைச் சற்றே தாண்டும் வாய்ப்பிருந்தால், அதை ஆவணங்களோடு காட்டி மீண்டும் விண்ணப்பிக்கலாம். அதுவரை, கூட்டரசின் நிதியுதவி பெறும் சமூக நல மருத்துவ மையங்கள் வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும். அவசரச் சிகிச்சையை 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவசரச் சிகிச்சைப் பிரிவுள்ள, மெடிகேர் பணம் பெறும் எந்த மருத்துவமனையும் மறுக்க முடியாது என்றாலும், ரசீது பின்னால் வரும்.