டாக்டர் சீட்டுக்குக் கட்டுரை வேண்டாம், டி.சி.யைத் தேடி எடுங்கள்

கேள்வி: என் மகள் திருத்துறைப்பூண்டி பக்கம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். தமிழ் வழி, உயிரியல் பிரிவு. ஒன்பதாவதிலிருந்துதான் இந்தப் பள்ளி. அதற்கு முன் உதவிபெறும் பள்ளியில் படித்தாள். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை, எம்.பி.சி. பிரிவு. எங்கள் குடும்பத்தில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, "ஆஸ்பத்திரியில் சேவை செய்த சான்று, ஆசிரியர் பரிந்துரை, ஏன் டாக்டராக வேண்டும் என்று ஒரு கட்டுரை, எல்லாம் இப்போதே சேர்த்து வை, அப்போதுதான் விண்ணப்பம் எடுபடும்" என்கிறான். கஜா புயலில் கூரை போனபோது என் கணவரின் பள்ளிச் சான்றுகளும் போய்விட்டன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எப்படியும் கிடைத்துவிடும் என்று இருக்கிறோம். இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும்?
- ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் தம்பி சொல்வது பொய்யில்லை, அவர் இருக்கும் ஊர் வேறு, அவ்வளவுதான். நம்மூர் எம்.பி.பி.எஸ். விண்ணப்பத்தில் கட்டுரை எழுத இடமே கிடையாது. நேர்காணல் இல்லை, பரிந்துரைக் கடிதத்தை யாரும் கேட்கப் போவதில்லை. பேச்சுப் போட்டிக் கோப்பைக்கும் ஆஸ்பத்திரி சேவைக்கும் ஒரு மதிப்பெண்கூட ஏறாது. விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தனிப் பிரிவு உண்டு. மற்ற எல்லாருக்கும் வேண்டியது இரண்டு: நீட் ரேங்க், ஒன்றையொன்று மறுக்காத சான்றிதழ்கள். முதலாவதைப் பற்றி ஊரே பேசும். இரண்டாவதை ஜூன் மாதம் வரை யாரும் நினைப்பதில்லை.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறோம். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ஆம் ஆண்டுச் சட்டம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடமும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி இதில் சேராது. ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது, சத்துணவும் புத்தகமும் அரசு கொடுக்கிறது, அதனால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று டெல்டாவில் பல குடும்பங்கள் நம்பிக்கொண்டிருக்கின்றன. சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் வழி உண்டு.

ஆனால் மனம் உடைவதற்கு முன் ஒரு வேலை: எட்டாம் வகுப்பு முடித்த டி.சி.யை எடுத்து, மேலே பள்ளியின் பெயரைப் படியுங்கள். "ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி", "நகராட்சி", "ஆதிதிராவிடர் நலம்" என்று இருந்தால் அது அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். ஊரில் வாய்ப்பேச்சாக "உதவிபெறும் பள்ளி" என்று சொல்லிக்கொண்டிருப்பது தவறாகவும் இருக்கலாம். உண்மையிலேயே உதவிபெறும் பள்ளி என்றால் அந்த ஒதுக்கீட்டை மறந்துவிட்டு, எம்.பி.சி.க்கான 20 சதவீதத்தையும் பொதுப் போட்டிக்கான 31 சதவீதத்தையும் குறிவைத்துப் படிக்க வேண்டும். அங்கே தேவைப்படும் மதிப்பெண் கணிசமாக அதிகம். இதைப் பிளஸ் ஒன்னில் தெரிந்துகொள்வது நல்லதுதான். பலருக்கு இது கவுன்சலிங் நடக்கும்போதுதான் தெரிகிறது. "ஹெட்மாஸ்டரிடம் சொல்லி ஆறிலிருந்தே இங்கே படித்ததாக போனஃபைடு (படிப்புச் சான்று) வாங்கிவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு) எண்ணைத் தட்டினால் வருட வாரியாக எல்லாம் வந்துவிடும். சேர்ந்த பிறகுகூட சீட் பறிபோகும்.

அடுத்து, விண்ணப்பம் என்பது ஒன்றல்ல, மூன்று. நீட் எழுதப் பிப்ரவரி, மார்ச் வாக்கில் தேசியத் தேர்வு முகமைக்கு ஒன்று. அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி.யில் ஒன்று. மாநிலத்தின் 85 சதவீதத்துக்கு, சென்னையில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக்குழுவில் தனியாக ஒன்று. நீட் பாஸானால் தானாகக் கவுன்சலிங்குக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து கோட்டைவிட்டவர்கள் உண்டு. 2025-ல் நீட் முடிவு ஜூன் 14 அன்று வந்தது. மாநில விண்ணப்பம் அதற்கு முன்பே ஜூன் 6 அன்று தொடங்கிவிட்டது. முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவருக்கு மிச்சமிருந்தது இரண்டு வாரம்தான். பக்கத்தில் இருக்கும் காரைக்கால் ஜிப்மரும் எம்.சி.சி. வழியாகத்தான், அங்கே புதுச்சேரி இருப்பிடத்தாருக்கு உள் ஒதுக்கீடு இருக்கிறது. காரைக்காலில் ஒரு ரேஷன் கார்டும் நாகையில் ஒரு ஆதாரும் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் இருப்பிடம் கோரினால், இரண்டு பக்கமும் தள்ளுபடிதான்.

சான்றிதழ் வேலையை டெல்டாவின் வருடக் கணக்கைப் பார்த்துச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (சாகுபடிச் சான்று) வாங்க வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கூட்டம் நிற்கும். தை, மாசியில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் போட மறுபடி அதே கூட்டம். மே, ஜூனில் மாவட்டத்து மாணவர்கள் அத்தனை பேரும் இ-சேவை மையத்தில். உங்களுக்கு வசதியான காலம் ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை. மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணை தாசில்தார் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். எந்த மேசையில் நிற்கிறது என்று ஒப்புகைச் சீட்டு எண்ணை வைத்துப் பார்க்கலாம். திருப்பி அனுப்பப்படும் மனுக்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால்தான்: ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர்.

அதனால் பெயரிலிருந்து தொடங்குங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு எப்படி இருக்கிறதோ அதுவே மூலம். அதைத் திருத்துவது பெரும்பாடு; ஆதாரைத் திருத்துவது சுலபம். ஆகவே மாற்றக் கடினமானதை அப்படியே விட்டுவிட்டு மற்றதை அதற்குப் பொருத்துங்கள். சில பிள்ளைகளின் ஆதாரில் இனிஷியலே இருக்காது; சிலருக்கு அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கும். அந்தப் பயணத்திலேயே, 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பு முடிந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

இப்போதே வாங்கி வைக்கக் கூடியவை: கணினியில் வரும் புதிய சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. கடைசியில் சொன்னது உங்களுக்கு முக்கியம், கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. தாத்தா பாட்டி வரை குடும்பத்தில் பட்டதாரி இருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும்தான். மூத்தவன் யாராவது இன்ஜினீயரிங்குக்கு அதை வாங்கியிருந்தால் இவளுக்கு இல்லை. கணவரின் சான்றுகளுக்கு, அவர் படித்த பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். சேர்ந்த வருடத்தையும் அப்பா பெயரையும் எழுதிக்கொண்டு போய் நகல் டி.சி. கேட்டு மனுக் கொடுங்கள். மகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படிப்பதால் பெற்றோர் ஆவணங்களின் நெருக்கடி உங்களுக்குக் குறைவு. இடையில் வெளிமாநிலத்தில் படித்த பிள்ளைகளுக்குத்தான் இருப்பிடச் சான்றும் பெற்றோர் ஆவணங்களும் உயிர்.

இப்போது வாங்கக் கூடாதவையும் உண்டு. வருமானச் சான்றும் மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றும் பழையதானால் பயனில்லை. அவற்றைப் பிளஸ் டூ முடியும் வருடம் ஏப்ரலுக்குப் பிறகு வாங்குவதே பத்திரம். இந்த ஓ.பி.சி. விஷயத்தில்தான் அதிகக் குழப்பம். மாநிலக் கவுன்சலிங்கில் எம்.பி.சி. சான்று போதும், வருமான வரம்பு கிடையாது. எம்.சி.சி.யில் அந்தச் சான்று செல்லாது. மத்தியப் பட்டியலில் உங்கள் சாதிப் பெயர் இருக்க வேண்டும், வசதி படைத்தோர் பிரிவில் வரவில்லை என்ற தனிச் சான்றும் வேண்டும். அதற்கான 8 லட்ச ரூபாய் வரம்பில் விவசாய வருமானத்தைச் சேர்ப்பதில்லை. நிலத்துக்குத் தனி அளவுகோல், ஒன்றரை ஏக்கர் அதன் பக்கத்தில்கூட வராது. சான்று கையில் இல்லையே என்று நீட் விண்ணப்பத்தில் "பொது" என்று போட்டுவிட்டால் அகில இந்திய ஓ.பி.சி. இடம் போய்விடும். மாநில எம்.பி.சி. இடம் போகாது, அங்கே வேறு விண்ணப்பம்.

நீட் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் சென்டரில் போடலாம், தவறில்லை. ஆனால் சென்டர்காரரின் மின்னஞ்சலையும் போன் நம்பரையும் கொடுக்க விடாதீர்கள். ஓ.டி.பி., ஹால் டிக்கெட் தகவல் எல்லாம் அதற்குத்தான் வரும். விண்ணப்பம் முடிந்தபின் திறக்கும் திருத்த நாட்களிலும் 2025-ல் அந்த இரண்டையும் மாற்ற முடியவில்லை. மகள் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வையுங்கள். அந்த சிம்முக்கு ஒரு வருடம் ரீசார்ஜ் நிற்கக் கூடாது. போட்டோ வெள்ளைப் பின்னணியில், இரண்டு காதும் தெரிய. பாஸ்போர்ட் அளவு பத்துப் பிரதி, போஸ்ட் கார்டு அளவு நாலு பிரதி. ஏற்றிய அதே போட்டோவைத்தான் பரீட்சை அன்றும் கொண்டுபோக வேண்டும்.

வினாத்தாள் மொழியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழும் ஆங்கிலமும் இரண்டும் அச்சாகி வரும். ஆனால் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வரிதான் செல்லும் என்பது விதி. எனவே முடுக்கம் என்றால் ஆக்சலரேஷன், சவ்வூடு பரவல் என்றால் ஆஸ்மோசிஸ், மின்தேக்கி என்றால் கெப்பாசிட்டர் என்று பாடத்துக்குப் பாடம் ஒரு நோட்டில் இரண்டு வரிசையாக இன்றே எழுதத் தொடங்கட்டும். இரண்டு வருடத்தில் அந்த நோட்டு, விலைக்கு வாங்கும் எந்தக் கைடையும்விட உதவும்.

நீட் தேர்வு 180 நிமிடம், 180 கேள்வி, 720 மதிப்பெண். பாதி உயிரியல், மீதி இயற்பியலும் வேதியியலும் சரிசமம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். தெரியாததைத் தொடவே கூடாது என்று சொல்லிக்கொடுப்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நாலில் இரண்டை உறுதியாக நீக்க முடிந்தால், மிச்ச இரண்டில் ஒன்றைக் குறிப்பதில் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம். ஒன்றையும் நீக்க முடியாவிட்டால் கால் மதிப்பெண்தான், அதற்கு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். தமிழ் வழிப் பிள்ளைகள் பெரும்பாலும் இடறுவது இயற்பியல் கணக்கில். பிளஸ் ஒன் இயற்பியலை இந்த வருடமே முடித்துவிட வேண்டும். "போன வருடம் இத்தனைக்குக் கிடைத்தது" என்ற மதிப்பெண்ணை இலக்காக வைக்காதீர்கள். 2024-ல் திருத்திய முடிவில் 17 பேர் 720-க்கு 720. 2025-ல் முதலிடமே 686. ரேங்க்கைப் பாருங்கள்.

கவுன்சலிங்கில் கல்லூரி வரிசை போடும்போது, சென்னையை முதலில் போட்டால் தஞ்சாவூர் கைநழுவுமோ என்று பயப்படுகிறார்கள். நழுவாது. உங்கள் ரேங்க் வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். முதலில் காலியாக இருப்பதைத் தரும். ஆகவே ஆசைப்படும் வரிசையிலேயே போடலாம். தப்பு எங்கே நடக்கிறது என்றால், வீட்டுக்குப் பக்கம் என்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவதில். அந்த ரேங்க்குக்குத் தென்கோடியில் ஒரு அரசுக் கல்லூரி கிடைத்திருக்கும். அதேசமயம் தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கும் வருடத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல் ஆகும். கட்ட முடியாததைப் பட்டியலில் சேர்த்து, கிடைத்த பின் சேராமல் விட்டால் எந்தச் சுற்றில் என்ன இழப்பு என்று அந்த வருடத் தகவல் தொகுப்பேட்டைப் படித்த பிறகே அதைப் பட்டியலில் போடுங்கள். அடுத்த சுற்றில் மேலான இடம் கிடைத்தால் பழைய இடம் தானாகப் போய்விடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். "இதைவிட அதுவே தேவலை" என்று திரும்ப முடியாது.

பிளஸ் டூ மதிப்பெண்ணை நீட்டுக்காகக் கைவிட வேண்டாம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நிரம்புகின்றன. பி.எஸ்சி. நர்சிங் இடங்களும் அப்படியே. இவற்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், கடைசித் தேதிகள் கிட்டத்தட்ட அதே வாரங்களில் வரும். சாதிச் சான்றும் போனஃபைடும் முன்பே கையில் இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் போட்டுவிடலாம். அந்த போனஃபைடில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு உரியதை மகள் முன்பு படித்த பள்ளிதான் தர வேண்டும். அடுத்த வாரம் போய், டி.சி.யில் உள்ள சேர்க்கை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.