ஜெல்லுடன் சேர்த்து மூளைக்குள் கலங்களை வைக்கும் சிகிச்சை அப்பாவுக்குப் பயன்படுமா?

கேள்வி: என் தந்தைக்கு 66 வயது. எட்டு வருடங்களாகப் பார்க்கின்சன் நோய்க்கு கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்கில் மருந்து எடுத்து வருகிறார். முன்பு ஒரு லெவோடோபா குளிசை ஆறு மணித்தியாலம் வரை தாங்கும். இப்போது மூன்று மணித்தியாலத்திலேயே உடல் இறுகிவிடுகிறது. ஹைட்ரோஜெல் என்ற பொருளுடன் புதிய கலங்களை மூளைக்குள் வைக்கும் சிகிச்சை வந்துவிட்டதாகக் கனடாவில் இருக்கும் சித்தப்பா சொல்கிறார். வெளிநாட்டு நிலையம் ஒன்றின் முகவர் 30 இலட்சம் ரூபாய் கேட்கிறார். காணியை விற்றாவது செய்யலாமா? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: காணியை விற்க வேண்டாம். சித்தப்பா கேள்விப்பட்ட ஆராய்ச்சி உண்மையானது. ஆனால் முகவர் விற்க வருவது அதுவாக இருக்க முடியாது என்பதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பார்க்கின்சன் நோயில் நடுமூளையின் கருநிறப் பகுதியிலுள்ள, உடலசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் படிப்படியாக அழிகின்றன. லெவோடோபா, எஞ்சியிருக்கும் கலங்களின் உதவியுடன் டோபமைனாக மாறுகிறது. அக்கலங்கள் குறையக் குறைய அதைச் சேமித்துவைக்க இடமில்லாமல் போவதால்தான் உங்கள் தந்தைக்குக் குளிசையின் பலன் நேரத்தோடு முடிந்துவிடுகிறது. அழிந்த கலங்களுக்குப் பதிலாகப் புதியவற்றை வைக்கும் முயற்சி 1980களில் சுவீடனின் லுண்ட் நகரில் கருத் திசுவைக் கொண்டு தொடங்கியது. சிலருக்கு வியக்கத்தக்க பலன் கிடைத்தது. ஆனால் அமெரிக்காவில் நடந்து 2001இலும் 2003இலும் வெளியான இரு கட்டுப்பாட்டு ஆய்வுகள் (சிகிச்சை பெற்றவர்களைப் பெறாதவர்களுடன் ஒப்பிடுபவை) தமது பிரதான இலக்கை எட்டவில்லை என்பதுடன், சிகிச்சை பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்குக் கட்டுப்படுத்த முடியாத அசைவுகளும் ஏற்பட்டன.

அந்த முயற்சிகளில் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒரு குறைக்குத்தான் ஹைட்ரோஜெல் விடையாக முன்வைக்கப்படுகிறது. மூளைக்குள் வைக்கப்படும் டோபமைன் கலங்களில் மிகப் பெரும்பாலானவை முதல் சில நாட்களிலேயே இறந்துவிடுகின்றன. மெல்லிய ஊசியினூடாகத் தள்ளப்படும்போது ஏற்படும் உராய்வில் சில சிதைகின்றன. பற்றிக்கொள்ள எதுவும் இல்லாதபோது தம்மைத் தாமே அழித்துக்கொள்வது இவ்வகைக் கலங்களின் இயல்பு என்பதால் வேறு சில மடிகின்றன. புதிய இரத்தக்குழாய்கள் வந்து சேரும்வரை ஒட்சிசன் போதாது. போதாக்குறைக்கு, ஊசி துளைத்த காயத்தை ஆற்ற வரும் மூளையின் பாதுகாப்புக் கலங்களும் அவற்றைத் தாக்குகின்றன.

ஹைட்ரோஜெல் என்பது பெருமளவு நீரைத் தன்னுள் பிடித்துவைத்திருக்கும் மென்மையான வலைப்பின்னல். நோன்பு காலத்தில் நம் ஊர் வீடுகளில் செய்யும் கடற்பாசி ஜெலியும் ஒரு ஹைட்ரோஜெல்தான். அது ஆறினால் உறையும். ஆராய்ச்சியில் பயன்படும், கொலாஜன் என்ற புரதத்தாலான ஜெல்லோ குளிரில் திரவமாக இருந்து, உடல் வெப்பத்தில் உறைகிறது. ஆகவே கலங்களை அதில் கலந்து ஊசியால் செலுத்தினால், மூளைக்குள் சென்றபின் அது உறைந்து அவற்றுக்குப் பிடிமானமாகிறது. ஜிடிஎன்எஃப் எனப்படும், டோபமைன் கலங்களைக் காக்கும் புரதத்தையும் அதில் ஊறவைக்கலாம். இரத்தத்தில் செலுத்தினால் மூளைக்குள் நுழையாத இப்புரதம், ஜெல்லிலிருந்து கலங்களின் அருகிலேயே மெல்ல மெல்லக் கசிகிறது என்பதுதான் இம்முறையின் சிறப்பு என்று நான் கருதுகிறேன். அயர்லாந்தின் கால்வே ஆராய்ச்சியாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு வைக்கப்பட்ட கலங்கள் எலிகளின் மூளையில் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாகப் பிழைத்தன.

எலிகளின் மூளையில் என்பதைக் கவனியுங்கள். எலியின் மூளை சுமார் 2 கிராம். மனித மூளை 1,300 கிராமுக்கு மேல். நம் மூளையில் புதிய நரம்பிழைகள் ஜெல்லைத் தாண்டி நெடுந்தூரம் வளர வேண்டும். ஜெல் கரையும் வேகம் அதற்கு இசைய வேண்டும். நீரை உறிஞ்சி அது வீங்கினால் மண்டையோட்டுக்குள் விலகிக்கொடுக்க இடமில்லை. இவை சிறிய சிக்கல்கள் அல்ல.

மனிதரில் நடந்துள்ள அண்மைக்கால ஆய்வுகளையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில், மூலக்கலங்களிலிருந்து (பல வகைக் கலங்களாக மாறக்கூடியவை) உருவாக்கிய டோபமைன் கலங்களை ஜப்பானின் கியோட்டோவில் 7 பேருக்கும், அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 12 பேருக்கும் வைத்த முடிவுகள் வெளியாகின. வைத்த கலங்களால் பாரதூரமான தீங்கு ஏதும் தென்படவில்லை, சிலரின் அசைவுகளில் முன்னேற்றம் தெரிந்தது. நம்பிக்கை தரும் தொடக்கம்தான். ஆனால் இரண்டிலும் ஹைட்ரோஜெல் சேர்க்கப்படவில்லை. சித்தப்பா காதில் இந்தச் செய்தியும் எலி ஆய்வும் ஒன்றாகக் கலந்து விழுந்திருக்கலாம்.

பணம் பெற்றுக்கொண்டு இச்சிகிச்சையைச் செய்வதாகச் சொல்லும் நிலையங்கள் பல, நோயாளியின் சொந்தக் கொழுப்பிலிருந்தோ எலும்பு மச்சையிலிருந்தோ எடுத்த கலங்களை நாளத்தில் அல்லது முதுகுத்தண்டு நீரில் செலுத்துகின்றன. அவை டோபமைன் நரம்புக்கலங்களாக மாறி மூளையில் வேலை செய்வதில்லை. முறையான மருத்துவ ஆய்வு என்றால் சிகிச்சைக்காக நோயாளியிடம் கட்டணம் கேட்பது வழக்கமில்லை. முகவரிடம் ஆய்வின் பதிவு இலக்கத்தையும் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் எழுத்தில் கேளுங்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும் என்றே எதிர்பார்க்கிறேன்.

தந்தைக்கு இப்போதே செய்யக்கூடியவை உண்டு. குளிசையை உணவுக்குக் குறைந்தது அரை மணித்தியாலம் முன்பு கொடுங்கள். மீன், இறைச்சி, பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதம் மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். மருந்தை நீங்களாகக் கூட்டவோ திடீரென நிறுத்தவோ கூடாது. ஒரு வாரத்துக்கு, எத்தனை மணிக்குக் குளிசை எடுத்தார், எப்போது நடமாட முடிந்தது, எப்போது இறுகினார், என்ன சாப்பிட்டார் என்று ஒரு கொப்பியில் எழுதி அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். அதைப் பார்த்து நிபுணர் அளவைப் பிரித்து அடிக்கடி கொடுக்கலாம், என்டகபோன் போன்ற துணை மருந்தைச் சேர்க்கலாம், அல்லது மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சைக்கு அவர் ஏற்றவரா என்று ஆராயலாம். மலச்சிக்கல் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். குளிசை வேலை செய்யத் தாமதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.